எந்தக் கமரா நல்லது என்று கேட்பவர்களுக்கு

மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். சாமத்தியவீட்டுச் சாப்பாட்டு வரிசையில், கோயில் வாசலில் செருப்புத் தேடும்போது, டூட்டிங்கில் மரக்கறி வாங்கிக்கொண்டு ஸ்ட்ரெதமுக்குத் திரும்பும் 333 பஸ்ஸில். "அக்கா, நீங்கள் படமெடுக்கிற ஆள்தானே. எந்தக் கமரா நல்லது?" கேட்கிறவர் விடையைத் தன் ஃபோனில் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். நான் தலையாட்டினால் அன்றிரவே வாங்கிவிடுவார். பலருக்குத் தலையாட்டியிருக்கிறேன். அந்தக் கமராக்களில் அரைவாசிக்கு மேல் எந்த வீட்டு அலுமாரியின் எந்தத் தட்டில் கிடக்கின்றன என்றும் எனக்குத் தெரியும். இனித் தலையாட்டுவதாக இல்லை.

கடைசியாகக் கேட்டவன் என் பெறாமகன். இங்கே பிறந்தவன், கணக்காளன், எதையும் அட்டவணை போட்டுத்தான் முடிவெடுப்பான். "சின்னம்மா, ஆவணியில அம்மாவுக்கு எழுபது. வடிவா கொஞ்சப் படம் எடுத்து வைக்கவேணும்." நோக்கம் தங்கமானது. பட்டியலில் இருந்தது ஒரு ஃபுல் ஃபிரேம் கமரா, அதற்கொரு கனத்த ஸூம் லென்ஸ், முதுகுப்பை, முக்காலி. மொத்தம் 3000 பவுணுக்குக் கிட்ட. எப்போது வாங்கப்போகிறாய் என்று கேட்டேன். புதிய மொடல் ஒன்று வரவிருக்கிறதாம், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பானாம். இதே கதையை அவன் போன வருஷமும் சொன்னவன். அப்போது அக்காவுக்கு அறுபத்தெட்டு.

எங்கள் ஆட்கள் கமராவைக் கலியாண மண்டபத்துக்காகத் தேர்கிறார்கள். படம் எடுக்கப்படவேண்டியவர்கள் குசினியில் இருக்கிறார்கள். இதுதான் என் சண்டை. லென்ஸ் மாற்றக்கூடிய சின்னக் கமரா ஒன்று, அதுவும் இரண்டு மூன்று தலைமுறை பழசு, அதற்கு ஸூம் இல்லாத, ஒளியைத் தாராளமாக உள்ளே விடுகிற லென்ஸ் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எங்கள் வீடுகளுக்கு இதற்கு மேல் தேவையில்லை. இதற்கு மேல் தேடுகிறவர் கமரா தேடவில்லை, படமெடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்.

"ஒருக்கா வாங்கினா நல்லதா வாங்கவேணும்." எங்கள் சனத்தின் வேதவாக்கு. வீட்டுக்கும் வாகனத்துக்கும் கூறைக்கும் தாலிக்கொடிக்கும் இதே சட்டம். உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு தரம் மூன்று தரம் ஓடிய சனத்துக்கு இந்தப் புத்தி ஏன் வந்தது என்று எனக்கு விளங்கும். 1995 ஒக்டோபர் கடைசியில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் எத்தனைபேர் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்? எங்கள் வீட்டில் காணி உறுதி வந்தது, பிறப்புச் சான்றிதழ்கள் வந்தன, நகை வந்தது. அல்பம் வரவில்லை. அப்படி இழந்த சனம் படமென்று வந்ததும் பெரிசாக வாங்கப் பார்ப்பது இயல்புதான். ஆனால் கமரா காணியில்லை, நாளுக்கு நாள் விலை ஏறுவதற்கு. அலுமாரிக்குள் கிடந்தே கிழடாகும் பொருள் அது.

எங்கள் மண்டபங்களில் நான் அடிக்கடி கண்ட கமரா கனன் 5டி மார்க் 2. 2008இல் வந்தது. வெறும் உடல் மட்டும் 810 கிராம். அதில் மாட்டுகிற வெள்ளை நிற 70-200 லென்ஸ் ஒன்றரைக் கிலோ. மணவறையிலிருந்து இருபதடி தள்ளி நின்று தாலிகட்டை எடுக்க அது வேண்டும், குறை சொல்லவில்லை. அதே ஆயுதத்தை ஸ்ட்ரெதமில் ஒரு விக்ரோறியா காலத்து வீட்டின் முன்னறைக்குள் கொண்டுவாருங்கள். பின்னுக்கு நகர்ந்தால் சுவர் முதுகில் முட்டும். தூக்கிப் பிடித்த உடனே எதிரில் இருக்கிற கிழவியின் வாய் மூடும், கை தானாகச் சீலைத்தலைப்பை இழுத்துச் சரிசெய்யும், முகத்தில் கடவுச்சீட்டு வந்து உட்கார்ந்துவிடும். இனி அவரை அந்த முகத்திலிருந்து மீட்க அரை மணித்தியாலம் வேண்டும்.

இந்தச் சின்னக் கமராக்கள் எப்படிச் சின்னதாயின என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சனங்கள் இதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறபடியால். பெரிய கமராவுக்குள் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும், லென்ஸ் காண்பதை உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிட. அந்தக் கண்ணாடி மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அதனால் கனனின் பழைய அமைப்பில் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும் சென்சருக்கும் இடையில் 44 மில்லிமீற்றர் விட்டிருந்தார்கள். 2008 ஓகஸ்டில் ஒலிம்பஸும் பனசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற அமைப்பை அறிவித்தன. கண்ணாடியை எறிந்தார்கள். இடைவெளி 20 மில்லிமீற்றருக்கும் குறைந்தது. உடல் ஒடுங்கியது, லென்ஸும் ஒடுங்கியது. 2009இல் பனசோனிக் ஜிஎஃப்1 உடன் வந்த 20 மில்லிமீற்றர் லென்ஸின் நிறை 100 கிராம். வடைக்குக் கொஞ்சம் தடிப்புக் கூட. கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய சின்னக் கமரா ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. லைக்கா 1930இலேயே அப்படியொன்றை விற்றது. ஃபிலிமின் இடத்தில் சென்சர் வந்தது, அவ்வளவுதான்.

பெரிய சென்சர்காரருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அவர்களின் சென்சர் இதைவிடப் பரப்பில் ஏறக்குறைய நான்கு மடங்கு. இருட்டில் அவர்கள் படம் சுத்தமாக இருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த லென்ஸோடு? பெட்டியோடு வருகிற மலிவு ஸூமை மாட்டிவிட்டு இருட்டைப்பற்றிப் பேசக்கூடாது. மார்கழியில் இங்கே நாலு மணிக்கு முன்னமே சூரியன் போய்விடும். மிச்சம் குசினி மின்குமிழ்தான். பெட்டியோடு வரும் 14-42 ஸூமை ஒரு முகத்தை நோக்கி முழுதாக இழுத்தால் அதன் துவாரம் எஃப் 5.6. ஒலிம்பஸ் 2011இல் விட்ட 45 மில்லிமீற்றர் லென்ஸின் துவாரம் எஃப் 1.8, நிறை 116 கிராம். கணக்குப் பார்த்தால் பத்து மடங்குக்குக் கிட்ட ஒளி. ஸூமில் செக்கனில் பத்தில் ஒரு பங்கு திறந்துவைக்கவேண்டிய இடத்தில் இதில் நூறில் ஒரு பங்கு காணும். வெங்காயம் உரிக்கிற கை முந்தையதில் புகையாகும், பிந்தையதில் கையாகவே இருக்கும். ஆனாலும் லென்ஸ் மாற்றலாம் என்பதற்காகக் கூடக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, வந்த ஸூமை ஒருநாளும் கழற்றாதவர்கள்தான் நான் கண்டவர்களில் அதிகம். பிறகு கமரா சரியில்லை என்று வேறு சொல்வார்கள்.

அடுத்த தரப்பு பிள்ளைகளின் தரப்பு. "ஃபோன் காணும், அன்ரி." வெயிலில் காணும். விருந்துக்கும் பூந்தோட்டத்துக்கும் காணும். ஆனால் ஃபோன் படம் எடுப்பதோடு நிற்பதில்லை, தீர்ப்பும் சொல்கிறது. மங்கிய ஒளியில் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒன்றாக்குகிறது, சுருக்கங்களைத் தேய்க்கிறது, நிறத்தைத் தன் விருப்பத்துக்கு ஏற்றுகிறது. தோல் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று யாரோ எங்கோ ஏற்கெனவே முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள்.

இது புதுப் பிரச்சினையுமில்லை. கொடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்கக் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல தசாப்தங்களாக ஒரு வெள்ளைப் பெண் இருந்தாள். ஷேர்லி அட்டை என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கனடிய ஆய்வாளர் லோர்னா ரொத் 2009இல் இதைப்பற்றி விரிவாக எழுதினார். கறுத்தப் பொருட்களின் நிறபேதங்கள் ஃபிலிமில் விழவில்லை என்று முறையிட்டவர்களில் சொக்கிளேற் செய்பவர்களும் மரத்தளபாடக்காரரும் இருந்தார்கள் என்று அதில் வருகிறது. கறுத்த மனிதரின் முறைப்பாட்டைவிடக் கறுத்த மேசையின் முறைப்பாடு கெதியாகக் காதில் விழுந்திருக்கிறது.

இன்றைய கமராவின் ஒளிமானியும் உலகம் முழுதும் நடுத்தரச் சாம்பல் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் அம்மாவை நிறுத்தினால் சுவரைச் சாம்பலாக்கப் பார்க்கும். அம்மா கரிக்கட்டையாவார். அம்மாவின் முகத்தால் சட்டத்தை நிரப்பினால் முகத்தைச் சாம்பலாக்க வெளுப்பாக்கும். இரண்டும் அம்மா இல்லை. இதற்கு மருந்து கமராவின் மேலே இருக்கிற ஒரு சில்லு. கூட்டு, குறை, அவ்வளவுதான். கண்ணாடியில்லாத கமராவில் அதைத் திருகும்போதே முகம் திரையில் இருண்டு வெளுப்பதைக் காணலாம், சரியான நிறம் வந்த இடத்தில் நிறுத்தலாம். அந்த நிறம் சரியென்று சொல்லவேண்டியவர் அந்த முகத்தோடு வளர்ந்தவர். இந்த ஒரு சில்லுக்காகவே நான் ஃபோனை விட்டுக் கமராவைச் சொல்கிறேன்.

நாங்களும் சுத்தமில்லை. ஊர் ஸ்ரூடியோவுக்குப் போகமுன் முகத்தில் குட்டிக்கூரா அப்பியவர்கள் நாங்கள். நெகட்டிவில் பென்சில் தீட்டித் தழும்பை மறைத்துத் தந்தார்கள், நாங்களும் கேட்டு வாங்கினோம். தமிழ்நாட்டு ஸ்ரூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்த ஒரு குழு தேடி மின்பிரதியாக்கியிருக்கிறது. பணம் கொடுத்தது இங்கே லண்டனில் இருக்கும் பிரித்தானிய நூலகத்தின், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம். அருமையான வேலை. தீட்டிய திரைச்சீலை, பூச்சாடி, சாய்ந்துநிற்க ஒரு முக்காலி மேசை, கைக்கடிகாரம் தெரிய மடித்த கை. இந்த மாதிரிப் படங்களை நான் மணிக்கணக்காகப் பார்ப்பேன். ஆனால் ஸ்ரூடியோவுக்கு அம்மி வராது, அடுப்படி வராது. எங்கள் பெண்கள் தங்கள் வாழ்நாளில் பெரும்பங்கைக் கழித்த இடத்துக்குக் கமரா போகவேயில்லை. அப்போது போகாததற்குக் காரணம் இருந்தது. இன்று சட்டைப்பையில் அடங்குகிற கமராவை வைத்துக்கொண்டும் நாங்கள் மண்டபத்துக்கே போகிறோம்.

2009ஐச் சொல்லாமல் என்னால் இதை எழுத முடியாது. அந்த ஏப்ரல் 6ஆம் திகதி எங்கள் சனம் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் போய் இருந்தது. ஸ்ட்ரெதமில் ஏறினால் அந்தப் பாலத்தால் போகும் 159 பஸ், அன்று போக வழியில்லாமல் நின்றது. நான் இறங்கி நடந்தேன். பிறகு யூன் நடுப்பகுதிவரை பாராளுமன்றச் சதுக்கம்தான். வேலை முடிந்து போய், கடைசி பஸ்ஸில் வருவேன். என்னிடம் அப்போது இருந்தது லென்ஸ் கழற்ற முடியாத ஒரு மலிவுக் கமரா, சென்சர் சுண்டுவிரல் நகத்தளவும் இல்லை. இரவில் எடுத்ததெல்லாம் செம்மஞ்சள் புள்ளிக்கூட்டம். பக்கத்தில் இருந்து அழுத பெண்கள், பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய ஐயா, மடியில் நித்திரையான பிள்ளைகள் எல்லாரும் அந்தப் புள்ளிகளுக்குள் எங்கேயோ இருக்கிறார்கள். பத்திரிகைக்காரர் பெரிய கமராக்களோடு வந்தார்கள். கொடியையும் பொலிசையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அது அவர்கள் வேலை. ஒலிம்பஸ் தன் முதலாவது சின்னக் கமராவான ஈ-பி1ஐ அறிவித்தது அதே யூன் மாதத்தில். அந்தச் செய்தியைச் சதுக்கத்திலிருந்து திரும்பிய ஒரு இரவில் படித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் படித்தேன்.

அப்படித்தான் நானும் இந்த நோய்க்குள் விழுந்தேன். மற்றவர்களை ஏசுகிறவள் தன் கதையையும் சொல்லவேண்டும்.

2012இல் ஒரு பழைய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் உடல் வாங்கினேன், ஸூமோடு. ஆறு மாதத்தில் 20 மில்லிமீற்றர் லென்ஸ். பிறகு, இடைவெளி குறைந்ததால் வளையம் ஒன்று போட்டுப் பழைய ஃபிலிம் கமரா லென்ஸ்களையும் மாட்டலாம் என்று அறிந்து, சோவியத் காலத்து லென்ஸ் ஒன்று. ஒவ்வொரு வாங்குதலுக்கு முன்னும் மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் படிப்பேன். நான் மடிக்கணினியோடு இருந்த மேசைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கதிரை. "என்ன பிள்ளை, இரவிரவாப் பாக்கிறாய்?" என்பார். "கமரா அம்மா." "இருக்கிறது பழுதாப்போச்சே?" பழுதாகவில்லை.

அம்மா 2016 தையில் போனார். முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு முன்னட்டைப் படம் வேண்டும். வீடு முழுக்கப் படமெடுக்கிறவள் நான், என்னைத்தான் கேட்டார்கள். தேடினோம். ஒரு சாமத்தியவீட்டு அல்பத்தில் அம்மா இரண்டாம் வரிசையில் நிற்கிறார். எடுத்தவர்கள் முழு வரிசையையும் ரோசாப்பூ நிறமாக்கியிருந்தார்கள். அம்மாவின் இடது கன்னத்து மறுவையும் காணோம், அழுக்கென்று நினைத்துத் துடைத்திருப்பார்கள். ஃபோன் படங்களில் யன்னலுக்கு முன்னால் ஒரு கறுத்த உருவம். கடைசியில் கடவுச்சீட்டுப் படத்தைப் பெருப்பித்துப் போட்டோம். வாய் மூடி, காது தெரிய, குடிவரவு அதிகாரியைப் பார்க்கிற அம்மா. முன்னூறு பிரதி அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம்.

சில மாதங்கள் கழித்துத்தான் அந்த மெமரி கார்ட் கிடைத்தது. லென்ஸ் சோதித்த படங்கள், 214. எதிர்வீட்டுச் செங்கல் சுவர், புத்தகத்தட்டு, மேசையில் நெஸ்ரமோல்ட் ரின். எழுத்துக் கூர்மையாக விழுகிறதா என்று பார்க்க அந்த ரின்னை மட்டும் எழுபது தரம் எடுத்திருக்கிறேன். ஒன்பது படங்களில் ரின்னுக்குப் பின்னால் அம்மா இருக்கிறார். ஆறில் மங்கல். நல்ல லென்ஸ், பின்னணியை அழகாகக் கரைத்திருக்கிறது. மூன்றில் குவியம் தவறிப்போய் அம்மாவில் விழுந்திருக்கிறது. அதிலொன்றில் அவர் முருங்கைக்காய் உரித்துக்கொண்டு யாரையோ வைகிறார், என்னைத்தான் என்று நினைக்கிறேன். மறு இருக்கிறது. நிறம் அவருடைய நிறம்.

ஆகவே எந்தக் கமரா என்று கேட்டால் இனி நான் திருப்பிக் கேட்கப்போவது, யாரை, எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று. அதற்குப் பதில் இல்லாதவர் ஃபோனோடு சந்தோஷமாக இருக்கலாம். பதில் உள்ளவருக்குச் சொல்ல அதிகமில்லை. பெண் கொடுக்க விசாரிப்பது போல விசாரியுங்கள், மாப்பிள்ளையைவிடக் குடும்பத்தை. உடல் ஐந்தாறு வருஷத்தில் மாறும், லென்ஸ் தங்கும், லென்ஸ் எந்த வளையத்தில் பூட்டும் என்பதுதான் குடும்பம். நிக்கோன் 1 என்று ஒரு குடும்பம் 2011இல் வந்து 2018இல் போனது. சம்சுங்கின் என்எக்ஸ் 2010இல் வந்தது, 2015க்குப் பிறகு புது உடலே இல்லை. கனனின் இஓஎஸ் எம் 2012இலிருந்து 2023வரை. ஒலிம்பஸ் தன் கமராத் தொழிலையே 2021இல் கைமாற்றியது, ஆனால் வளையம் பிழைத்தது, 2009இன் அந்த 100 கிராம் லென்ஸ் இன்றைய உடலிலும் பூட்டும். சோனியினதும் ஃபூஜியினதும் குடும்பங்களும் உயிரோடு இருக்கின்றன, அவற்றின் சென்சர் இதைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்றில் எதுவானாலும் எனக்குச் சண்டையில்லை. இறந்த குடும்பத்தின் கமராவும் நல்ல லென்ஸோடு மலிவாகக் கிடைத்தால் நான் வாங்குவேன், அது வேறு கதை.

பெறாமகனிடம் அட்டவணையை மூடச்சொன்னேன். என் பழைய உடலையும் 20 மில்லிமீற்றர் லென்ஸையும் கையில் கொடுத்தேன், 45ஐக் கேட்டான், கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அக்கா குசினியில். கமராவைக் கண்டதும் "பொறடா, சீலை மாத்திப்போட்டு வாறன்" என்றார். மாத்தவேண்டாம் என்றோம். அவன் யன்னல் பக்கமாகக் கதவில் சாய்ந்துகொண்டான். "ஐ.எஸ்.ஓ. எவ்வளவு, சின்னம்மா?" 1600இல் விட்டுவிடு, அதைத் தொடாதே, மேலே இருக்கிற சில்லை மட்டும் பார் என்றேன். அக்கா கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றார். பிறகு கத்தரிக்காய் பொரிந்துகொண்டிருந்தபடியால் எங்களை மறந்துபோனார்.

இருபது இருபத்தைந்து படம் எடுத்திருப்பான். திரையில் ஒன்றைக் கொண்டுபோய்த் தாயிடம் காட்டினான். அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"இது அம்மா மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். பிறகு, "டேய், அடுப்பைக் குறை, கருகுது."